முதல் ஆளுக்கு மட்டும்

அட்டைப்பெட்டி உற்பத்தியாளர் சங்கத்தில் அவருடைய பதவிக்கு நிர்வாகச் செயலர் என்று பெயர். அந்தப் பெயர் கதவுப் பலகையில் இருந்ததோடு சரி. உறுப்பினர்களுக்கும், அமைச்சகத்தில் கோப்பு நகர்த்துகிறவர்களுக்கும் அவர் ‘வரவேற்பு’தான். காரணம் இருந்தது. அரசாங்கம் சங்கத்தின் கழுத்தில் கத்தியை வைத்தாலும், அவர் எழுதுகிற மனு ‘இந்த முயற்சியைச் சங்கம் மனமார வரவேற்கிறது’ என்றுதான் ஆரம்பிக்கும்.

“எதிர்க்கிறோம்னு எழுதினா வாசல்லயே நிக்க வச்சிருவாங்க. வரவேற்கிறோம்னு எழுதினா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவாங்க. உட்கார்ந்த பிறகு நம்ம வேலையைப் பார்க்கலாம்” என்பது அவர் கட்சி. மனுவின் முதல் பத்தியில் வரவேற்பு. அடுத்ததில் நாட்டு நலன். அதற்குப் பிறகுதான் விஷயம் மெல்லத் தலையைக் காட்டும். அதுவும் கோரிக்கையாக இல்லை, சந்தேகமாக. ‘ஒரு சிறு தெளிவு தேவைப்படுகிறது’ என்று எழுதுவார். அந்தச் சிறு தெளிவு கிடைத்து முடியும்போது சட்டத்தில் பெயரும் தேதியும்தான் மிச்சம் இருக்கும்.

ஒருமுறை, ஒரே முதலாளி பல பெயர்களில் கம்பெனி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வங்கிக் கடன் வாங்குவதைத் தடுக்க நிதித்துறை ஒரு விதி கொண்டுவந்தது. குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே வரம்பு என்றார்கள். வரவேற்பு அதை வரவேற்றார். ‘குடும்பம்’ என்பதற்கு மட்டும் ஒரு விளக்கம் இருந்தால் நல்லது என்று பணிவாகக் கேட்டார். விளக்கம் வந்து சேர்ந்தபோது மருமகன்களும் மைத்துனர்களும் குடும்பத்துக்கு வெளியே நின்றார்கள். அதுவரை மைத்துனனை வாசலில் நிறுத்திப் பேசிய முதலாளிகளெல்லாம் அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்து, ஒரு கம்பெனியைக் கையில் கொடுத்தார்கள். சங்கத்தில் அவருக்குச் சம்பளம் கூடியது.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. யாரிடமும் ஒரு பேனா ஓசி வாங்கமாட்டார். பேருந்தில் வயதானவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பார். வேலையின் வாடை வீட்டிலும் கொஞ்சம் அடித்தது, அவ்வளவுதான். “இன்னைக்குச் சமையல் எப்படிங்க?” என்று மனைவி கேட்டால், “முயற்சி நல்லாயிருக்கு” என்பார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

சங்க அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே மருந்துக்கடை, நடுவில் பல் டாக்டர். கூட்ட அறையில் நீள மேசையும் சக்கர நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். சக்கரம் உடைந்த நாற்காலி எப்போதும் புது உறுப்பினருக்குத்தான் போய்ச் சேரும். லிஃப்ட் அந்த மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் மொட்டைமாடிக்குப் படி ஏறித்தான் போகவேண்டும்.

மாதக் கூட்டம் முடிந்ததும் தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “வாங்கப்பா, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரலாம்” என்பார். பெரிய கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேர் அவர் பின்னாலேயே ஏறுவார்கள். மேலே காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தண்ணீர்த் தொட்டிகளும் அனல் கக்குகிற ஏசி பெட்டிகளும்தான். ஆனாலும் அரை மணி நேரம் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த வாரம் ஊரிலுள்ள பெட்டிக் கம்பெனிகள் அத்தனையும் சொல்லி வைத்தாற்போல ஒரே அளவில் விலையை ஏற்றும்.

வரவேற்பு அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. ‘நன்றியுரையுடன் கூட்டம் நிறைவுற்றது’ என்று எழுதி, அவர்கள் ஏறுவதற்குள் நேரத்தையும் குறித்துவிடுவார். மேலே நடப்பது தனக்குத் தெரியாது என்பதை ஒரு தகுதி போலவே வைத்திருந்தார். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்வதற்குப் பட்டிருந்தால் எப்போதோ வக்கீலாகியிருக்கலாம். இன்னொரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். ஓர் உறுப்பினர் வந்து சொன்னதை இன்னொருவர் காதில் போடமாட்டார். சங்கத்தில் எல்லோரும் அவரிடம் வாய் திறந்ததற்கு அதுதான் காரணம்.

அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் ஊருக்கு வெளியே சின்னதாகப் பெட்டிப் பட்டறை வைத்திருந்தார்கள். அட்டையை மடிக்கிற இயந்திரம் ஒன்று, கம்பித் தையல் போடுகிற இயந்திரம் ஒன்று, வேலைக்கு ஏழெட்டுப் பெண்கள். பட்டறைக்குப் பின்னால் வீடு. உள்ளே நுழைந்தால் பசை வாடை. சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகும் போகாது. இயந்திரத்தைத் தங்கை ஓட்டுவாள், கணக்கையும் அவளே பார்ப்பாள். மாப்பிள்ளை சரக்கு எடுத்துப்போய்க் கொடுத்து, வாடிக்கைக்காரர்களிடம் சிரித்துப் பேசிவிட்டு வருவார். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. ‘உன் மாப்பிள்ளைகிட்ட யாராவது கையை நீட்டினா கையெழுத்தே போட்டுக் குடுத்துருவாரு’ என்று தங்கை அலுத்துக்கொள்வாள்.

அவரைச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்த்துவிட்டது வரவேற்புதான். பாசமும் ஒரு காரணம். இன்னொரு காரணம், எந்த மனுவிலும் ‘சிறு தொழில்கள் உட்பட’ என்று ஓரிடத்தில் எழுதியாக வேண்டும். எழுதினால் காட்டுவதற்கு ஒரு சிறு தொழில்காரர் வேண்டும். மாப்பிள்ளை முகமும் அதற்குத் தோதாக இருந்தது. உடைந்த நாற்காலியில் அவர் சந்தோஷமாகவே உட்கார்ந்தார். சில மாதங்களில் தலைவர் அவர் தோளில் கைபோட்டு, “தம்பி, நீங்களும் மேலே வாங்க” என்று கூப்பிட்டார்.

அன்றைக்கு மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. “பெரியவங்க எல்லாம் சரிசமமா நிக்க வச்சுப் பேசுறாங்க மச்சான்” என்று வந்து சொன்னார். வரவேற்பு கையைக் காட்டி அதற்கு மேல் சொல்லவிடாமல் தடுத்தார். மேலே போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மேலே என்ன நடக்கிறதென்று தனக்குத் தெரியும் என்றாகிவிடும். அதனால் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் போட்டிச் சட்டத் திருத்த மசோதா வந்தது. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைத்தால் கம்பெனியையே விற்றுக் கட்டவேண்டிய அளவுக்கு அபராதம். சங்கங்களில் சம்பளத்துக்கு இருக்கும் அலுவலர்களும் பொறுப்பு. கூடிப் பேசியவர்களில் ஒருவர் தானாக, இதை விசாரிக்கிற ஆணையத்துக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அவருக்கு முழு மன்னிப்பு. இரண்டாவதாக வருகிறவருக்குப் பாதி. மூன்றாமவருக்குக் கால் பங்கு.

மசோதாவைப் படித்த அன்று தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. “இது என்ன சார், ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுக்கச் சொல்லி அரசாங்கமே சொல்லிக் குடுக்குது?”

“மன்னிப்பை எடுத்துருங்கன்னு கேட்டா, ஏன் பயப்படுறீங்கன்னு கேப்பாங்க சார்” என்றார் வரவேற்பு.

“அப்போ?”

“மன்னிப்பை வரவேற்போம். ஆனா வரிசையில நின்னு வாங்குற மாதிரி ஆக்கிட்டா அதுக்கு மதிப்பு இருக்காதுன்னு சொல்வோம். முதல் ஆளுக்கு மட்டும்னு கேட்போம்.”

தலைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தருக்குத்தான் தப்பிக்க வழி என்றால் எவனும் துணியமாட்டான். போய்ப் பார்த்து, முன்னாலேயே வேறொருவன் போயிருந்தால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையாகிவிடும். அந்தப் பயத்திலேயே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அவருக்கு இப்படிப் பட்டது. குழுவில் மற்றவர்களுக்கும் அப்படியே பட்டது. வருஷக்கணக்காக ஒரே மாடியில் ஒன்றாக நின்று வியர்த்தவர்கள் ஒருவரையொருவர் அப்படி நம்பினார்கள்.

வரவேற்பு தன் வாழ்நாளின் சிறந்த மனுவை எழுதினார். நேர்மையாக முதலில் வருகிறவரின் துணிச்சலைக் கொச்சைப்படுத்தக் கூடாது என்று எழுதினார். தாமதமாக வருந்துகிறவருக்குச் சலுகை காட்டுவது நீதிக்கே இழுக்கு என்று எழுதினார். அலுவலர் பொறுப்பைப் பற்றியும் ஒரு சிறு தெளிவு கேட்டார். நாடாளுமன்றக் குழுவின் முன்னால் பேச மாப்பிள்ளையை அழைத்துப்போனார். “சின்னவங்களுக்கு இதெல்லாம் குழப்பமா இருக்குங்கய்யா. ஒருத்தருக்குன்னா ஒருத்தருக்குன்னு தெளிவா இருந்தா நல்லது” என்று அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார் மாப்பிள்ளை. குழுவில் இருந்த ஒரு பெண் உறுப்பினர் அதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார்.

சட்டம் நிறைவேறியபோது பாதியும் இல்லை, காலும் இல்லை. முதல் ஆளுக்கு மட்டும் மன்னிப்பு. சம்பள அலுவலர்களும் பொறுப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்க கைக்குத் தங்கத்துல காப்பு போடணும் சார்” என்றார். போடவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒருநாள் காலையில் மில்காரர் வந்தார். பெட்டிக் கம்பெனியோடு, பெட்டிக்கான முரட்டுத் தாள் செய்கிற மில்லும் அவருடையது; மாடி ஏறுகிறவர்களில் ஒருவர். சங்கத்துக்கு வந்தால் கதவை அடித்துச் சாத்துகிற மனிதர். அன்றைக்கு மெதுவாகச் சாத்தினார்.

“சும்மா ஒரு சந்தேகம் சார். வேற தொழில்ல இருக்கிற என் சிநேகிதர் ஒருத்தர் கேட்டாரு. இந்த மன்னிப்பு மனுவை நேர்ல போய்த்தான் குடுக்கணுமா, இல்லே மெயில்ல அனுப்பினாலும் ஏத்துக்குவாங்களா?”

“ரெண்டும் ஏத்துக்குவாங்க.”

“எது முதல்ல வந்துச்சுன்னு எப்படிப் பார்ப்பாங்களாம்?”

“வந்து சேர்ந்த நேரத்தை வச்சு.”

மில்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பொருளாளர் வந்தார். அவருடைய அண்ணன் பையன் சட்டம் படிக்கிறானாம், அவனுக்குப் பாடத்துக்கு வேண்டியிருந்ததாம், அதே கேள்விகள். அந்த வாரக் கடைசியில் தலைவரே கூப்பிட்டார். “உறுப்பினர்களுக்கு ஒரு விளக்கக் குறிப்பு மாதிரி போடலாம்னு பார்க்கிறேன் சார். விவரம் எல்லாம் சேகரிக்கக் கொஞ்ச நாள் ஆகும், இடத்தை மட்டும் முன்னாடியே பிடிச்சு வச்சுக்கலாம்னு ஏதோ விதி இருக்குதாமே?”

இருந்தது. பெயரையும் குற்றத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து இடம் பிடித்துக்கொள்ளலாம். அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் வரவேற்புக்கு உறைத்தது. ஒரே ஒரு நாற்காலி போட்டால் யாரும் கிட்டே போகமாட்டார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரே ஒரு நாற்காலி என்பதால்தான் எல்லோரும் எழுந்து ஓடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். யார் முந்தினாலும் அவர் மற்றவர்கள் பெயரையெல்லாம் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பெயர்களில் மாப்பிள்ளை பெயரும் இருக்கும். பெரியவர்களுக்கு அபராதம் வலிக்கும், அவ்வளவுதான். பட்டறையின் கதை அதோடு முடிந்தது.

மூன்று பேர் நம்பிக்கையாகக் கேட்டதை வெளியே சொல்வதா என்று ஒருபக்கம் மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரை மனைவி என்னவென்று கேட்டாள். அவர் மென்று விழுங்கிப் பாதியைச் சொன்னார்.

“கூடப் பிறந்தவளை விடவா அந்த மில்காரர் பெருசு?” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போனார். இயந்திரங்கள் நின்றிருந்தன. தங்கை பசைச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அட்டைக் கட்டின் மேல் அவருக்கு ஒரு துணியை விரித்தார். வரவேற்பு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றி வளைக்காமல் பேசினார். நாளைக் காலை ஆணையம் திறக்கும்போது அங்கே நிற்கவேண்டும்; மாடியில் பேசியது அத்தனையும் சொல்லவேண்டும்; யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

“தலைவரை மாட்டி விடணுமா மச்சான்?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“நீங்க போகலைன்னா அவர் போவாரு. உங்க பேரைச் சொல்லுவாரு.”

“அவரா? சேச்சே. பொண்ணு பிறந்தநாளுக்கு வீடு தேடி வந்தவரு.”

“மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கேளுங்க. அவருக்கு வீட்டுக்கு வர்றதும் ஒரு வேலைதான்.”

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அண்ணா இவ்வளவு தூரம் வந்து சொல்லுதுன்னா காரணம் இல்லாம இருக்காது. காலையில நானும் வர்றேன், போய்ட்டு வந்துருவோம்” என்றாள். மாப்பிள்ளை சரி என்றார். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று வாசலில் நின்று இன்னொரு தடவை சொன்னபோதும், சரி மச்சான் என்றார். வரவேற்பு நிம்மதியாக வீடு திரும்பினார். திங்கட்கிழமை முழுக்க அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடாமல் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் அவர் வீட்டுக்கே வந்தார்கள். நல்ல உடுப்பில் இருந்தார்கள். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

“எங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் இடம் பிடிச்சிட்டாங்களாம்” என்றாள் தங்கை. “அந்த ஆபீஸ்ல இருந்த அம்மா நல்லவங்கதான். நேத்து ராத்திரியே மெயில் வந்துருச்சுன்னு சொன்னாங்க.”

“நேத்தா?” என்றார் வரவேற்பு. பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு வார்த்தை சொல்லாமப் போய் நிக்கிறது அழகா இருக்காதுன்னு பட்டுச்சு மச்சான். தலைவருக்குப் போன் பண்ணினேன். இந்த மாதிரி, காலையில போறேன், மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். கோபமே படலை. நல்லபடியாப் போய்ட்டு வாங்க தம்பி, காலையில டிராஃபிக் இருக்கும், நிதானமாப் போங்கன்னார்.”

தங்கைதான் பேசினாள். அழவில்லை, இயந்திரத்தில் எந்தப் பல்சக்கரம் போயிற்று என்று பார்க்கிற குரலில் கேட்டாள்.

“ஏண்ணா, ரெண்டாவதாப் போனவங்களுக்கு ஒண்ணுமே கிடையாதா? நாங்களும் எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லத் தயாராத்தானே போனோம். பாதியாவது குறைச்சா பட்டறையை எப்படியாவது காப்பாத்திருவேன். இதை எழுதினவங்களுக்கு அது கூடவா தோணலை?”

விதியின் நோக்கம், நடைமுறைச் சிக்கல், மேல்முறையீட்டுக்கு இருக்கும் வாய்ப்பு என்று அவருக்கு வாயில் வந்து நின்றது நிறைய. எல்லாமே நல்ல வாக்கியங்கள்தான். ஒன்றைக்கூட அவரால் அவளிடம் சொல்ல முடியவில்லை.

“தோணுச்சும்மா. ரெண்டாவது ஆளுக்குப் பாதின்னு எழுதித்தான் வச்சிருந்தாங்க. அதை எடுக்கச் சொல்லி மனு எழுதினது நான்தான். மாப்பிள்ளையை வச்சுச் சொல்லவும் வச்சேன்.”

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குக் குழுவின் முன்னால் தான் ஒப்பித்தது இதைத்தான் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. தங்கை திட்டுவாள் என்று வரவேற்பு காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“உனக்கு இதுல ஏதாவது ஆபத்து வருமாண்ணா?” என்று கேட்டாள்.

“வராதும்மா.”

“எப்படிச் சொல்றே? நீயும் அந்தச் சங்கத்துலதானே இருக்கே.”

“சம்பளத்துக்கு இருக்கிறவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு அதையும் எழுதி வாங்கிட்டேன்.”

“அப்பாடா” என்றாள் தங்கை. அவள் அதை மனசாரத்தான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.